மணி நிற்பதற்குள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வயதாகியும் குறையவில்லை. அதனால் பட்ட வம்புகள் எத்தனையோ உண்டு, எல்லாவற்றையும் சிரித்துத் தள்ளிவிட்டேன். ஒன்றை மட்டும் தள்ள முடியவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருஷம் இருக்கும். மலைநாட்டில் ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பள்ளிக்கூட வாத்தியாராகப் போய்ச் சேர்ந்தேன். பள்ளிக்கூடம் என்றால் ஒரே ஒரு நீள அறை. தகரக் கூரை, சுண்ணாம்புச் சுவர், ஆடுகிற பெஞ்சு நான்கு. ஐந்து வகுப்புக்கும் நான் ஒருவன்தான். பிள்ளைகள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நனைந்து வருவார்கள். சாக்கை ஒரு மூலையில் எறிந்துவிட்டு சிலேட்டுப் பெட்டியைச் சுற்றி விழுவார்கள். எது யாருடைய சிலேட்டு என்று தெரியாது. அடிதடி, அழுகை, உடைந்த சிலேட்டு. பாடம் தொடங்குவதற்குள் பாதிக் காலை போய்விடும். நானும் சும்மா இருக்கவில்லை, பிரம்பை எடுத்து விளாசினேன். ஒரு மாதத்தில் பிரம்புதான் உடைந்தது.

ஒருநாள் பெஞ்சுக் காலுக்கு ஆணி கேட்டு ஸ்டோருக்குப் போனேன். தேயிலைத் தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அதன் பக்கத்துப் பட்டறையில் ஒரு சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். சுத்தியல், ஸ்பேனர், அரம் என்று ஒவ்வொரு சாமானின் உருவத்தையும் சுவரில் கறுப்பு மையால் வரைந்து, அந்தந்த உருவத்தின் மேலேயே அந்தந்தச் சாமானை மாட்டியிருந்தார்கள். எது இல்லையென்றாலும் சுவரே காட்டிக் கொடுத்துவிடும். "இருட்டுல கூட கை வச்சா வந்துரும் மாஸ்டர்" என்றார் பட்டறை பாஸ்.

அன்று சாயங்காலமே ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடச் சுவரில் இறங்கிவிட்டேன். விளக்குமாறு, வாளி, கேத்தல், அடிமட்டம் எல்லாவற்றுக்கும் உருவம் வரைந்து ஆணி அடித்தேன். ஒவ்வொரு சிலேட்டுக்கும் ஓர் இடம், ஒவ்வொரு சாக்குக்கும் ஓர் ஆணி. சொன்னால் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள் என்று பிரம்பு ஏற்கெனவே எனக்குக் கற்றுக் கொடுத்திருந்தது. ஆகவே அதை விளையாட்டாக ஆக்கினேன்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். மேட்டு லயத்துப் பிள்ளைகள் ஒரு கட்சி, பள்ளத்து லயத்துப் பிள்ளைகள் ஒரு கட்சி. சாயங்காலம் வீட்டுக்கு விடும் முன்னால் நான் மணி அடிப்பேன். மணி என்பது உத்தரத்தில் கட்டித் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. இருபது தடவை அடிப்பேன். அடி நிற்பதற்குள் எல்லாச் சாமானும் தன் இடத்துக்குப் போய்விட வேண்டும். தரையில் கிடக்கிற சாமானுக்கு 'அநாதை' என்று பெயர் வைத்தேன். எந்தக் கட்சியின் பக்கம் அநாதை கிடக்கிறதோ அந்தக் கட்சி தோற்றது. ஒரு சட்டமும் போட்டேன்: யார் போட்டது என்று கேட்கக் கூடாது. விழுந்ததைக் கண்ணால் கண்டவர்தான் எடுக்க வேண்டும். மணி அடிக்கும்போது எதையும் அநாதையாக விட்டுப் போகக் கூடாது.

இரண்டு வாரத்தில் அந்த அறை மாறிப்போனது. சண்டை இல்லை, தேடல் இல்லை, மணிக்கணக்காகப் பாடம் நடந்தது. பிள்ளைகள் வீட்டிலும் கரித்துண்டை எடுத்துவிட்டார்கள். காம்பிரா என்கிற லயத்து அறைகளின் சுவரெல்லாம் சட்டி, அகப்பை, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி. ஒரு வீட்டில் அப்பாவின் சாராயப் போத்தலுக்கும் பிள்ளைகள் இடம் வரைந்து வைக்க, போத்தல் இல்லாத நேரத்தில் அம்மாவிடம் அவர் மாட்டிக்கொண்டார். அந்த மனிதர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு பெருமை.

விளையாட்டில் யாராலும் தோற்கடிக்க முடியாத ஒருத்தி இருந்தாள். பள்ளத்து லயத்துப் பிள்ளை, ஐந்தாம் வகுப்பு. அம்மா கொழுந்து பறிக்கிறவள், அப்பா இல்லை. சத்தம் போடாமல் ஓடுவாள். மற்றவர்கள் தங்கள் சாமானைத் தேடும்போது இவள் மற்றவர்களின் அநாதைகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பாள். விளையாட்டு போகட்டும், அவள் கணக்கும் கையெழுத்தும் என்னுடையதைவிட நன்றாக இருந்தன. நுவரெலியாவில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் வருஷக் கடைசியில் பரீட்சை வைத்துப் பிள்ளைகளை எடுத்தார்கள். அங்கே இவளைச் சேர்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளைகூட அதுவரை அங்கே போனதில்லை. அம்மாவிடம் நாலு தடவை நடந்தேன். பெண்பிள்ளையை பஸ் ஏற்றி அனுப்புவதா என்று முதலில் பயந்தவள், கடைசியில் இறங்கி வந்தாள்.

"பரீச்ச வரைக்கும் ஒங்க பொறுப்புங்க வாத்தியாரய்யா. பாஸ் பண்ணா போகட்டும். இல்லாட்டி எங்கூட மலைக்கு வரட்டும்."

என் பொறுப்பு என்று சொன்னாள். நானும் சரியென்றேன்.

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஸ்டோரில் தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கிற டீமேக்கர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். பட்டறைச் சுவரை நான் காப்பி அடித்தது அவர் காதுக்கு எட்டியிருந்தது. சுவரைச் சுற்றிப் பார்த்தார். நான் மணி அடித்தேன். நாற்பது பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் மோதாமல் ஓடி, பதினாறாவது அடியில் தரை வெறுமையானது. மனிதர் வாயைப் பிளந்துவிட்டார்.

"இதுல கெட்டிக்காரப் புள்ள யாரு மாஸ்டர்?" என்று கேட்டார்.

சும்மா இருந்திருக்கலாம். எல்லாரும் கெட்டிக்காரர்கள்தான் ஐயா என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். நான் அவளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினேன். அதுவும் போதவில்லை. துண்டால் அவள் கண்ணைக் கட்டி, ஏழு சாமானைத் தரையில் பரப்பி, மணியை அடித்தேன். தடவித் தடவி எடுத்து ஏழையும் மாட்டினாள். கட்டை அவிழ்த்ததும் என் முகத்தைத்தான் பார்த்தாள். நான் சிரித்தேன். டீமேக்கர் அவள் பெயரையும் லயத்தையும் கேட்டு ஒரு சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டார். எழுதும்போது கூட எனக்கு உறைக்கவில்லை, பரிசு ஏதோ கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன் மடையன்.

அடுத்த திங்கட்கிழமை அவள் சாக்கு மாட்டுகிற ஆணி வெறுமையாக இருந்தது. மத்தியானம் அவள் அம்மா வந்தாள்.

"ஸ்டோருல வேலைக்குப் பேர் பதிஞ்சுட்டாங்கய்யா. டீமேக்கர் ஐயாவே ஆள் அனுப்புனாங்க. மழையில்ல, அட்டக்கடியில்ல. எல்லாருக்கும் கெடைக்குமா? நீங்க காட்டிக் குடுத்ததாலதான் கெடச்சிச்சு. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கையெடுத்துக் கும்பிட்டாள். அவளைத் திட்ட வந்தவன், போய் வா என்று மட்டும் சொன்னேன்.

அன்று பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்டோருக்கு ஓடினேன். டீமேக்கர் கோபப்படவே இல்லை. "நீங்கதானே மாஸ்டர் காட்டினீங்க? இவ்வளவு நல்லாப் பழக்கிட்டு இப்ப வேணாம்னா எப்படி?" என்றார். தோட்டத்தை நடத்துகிற பெரிய துரையிடம் போயிருக்கலாம். போகவில்லை. நான் இருந்த வீடு தோட்டத்து வீடு, வாங்கின சம்பளம் தோட்டத்துச் சம்பளம். பயந்தேன். வாய் நீளம் என்று சொன்னேனே, அது நீள வேண்டிய இடத்தில் நீளவில்லை.

பரீட்சை நாள் வந்தது, போனது. காலையில் பஸ் போகிற சத்தம் கேட்டது. நான் வகுப்பில் யாரையோ காரணமில்லாமல் அடித்தேன்.

அதற்குப் பிறகு எத்தனை நாள் என்று நினைவில்லை. மழை விடாமல் பெய்த ஒரு சாயங்காலம். ஸ்டோரிலிருந்து கூச்சல் கேட்டு ஓடினேன். நான் போவதற்குள் அவளை லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவளுக்குப் பக்கத்தில் வேலை செய்த பெண் ஒருத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னாள்.

தூள் கூட்டுகிற கைபிரஷ் ஒன்று சலிக்கிற மெஷினின் பெல்ட்டுக்குக் கீழே விழுந்து கிடந்ததாம். யாரோ போட்டது, இவள் போட்டதில்லை. வேலை முடிகிற மணி அடிக்கத் தொடங்கியது. பெல்ட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் கதவுப் பக்கம் போனார்கள், இவள் மட்டும் குனிந்தாள்.

"விடு புள்ள, காலையில எடுத்துக்கலாம்னு கத்துனேன் சார். கேக்கல. வலது கைய விட்டு அத வெளிய தள்ளிருச்சு. கைய இழுக்குறதுக்குள்ள பெல்ட்டு இழுத்துக்கிச்சு. மெஷின நிப்பாட்டி எடுத்தோம், ஆபத்துன்னு மணிய நிறுத்தாம அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. எடுத்ததும் என்னா செஞ்சிச்சு தெரியுமா? கீழ கெடந்த பிரஷ்ஷ எடக் கையால எடுத்து, சுவர்கிட்ட நடந்து போயி, ஆணியில மாட்டிருச்சு சார். மாட்டிட்டுத்தான் விழுந்துச்சு."

அந்தப் பெண் அதைப் பிசாசு பிடித்த காரியம்போலச் சொன்னாள். பிடித்த பிசாசு யார் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு வாரம் கழித்து நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே பஸ்தான், பரீட்சைக்கு அவளோடு போக வேண்டிய பஸ். மணிக்கட்டுக்கு மேலே கையை எடுத்திருந்தார்கள். அம்மா கட்டிலுக்குக் கீழே சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசையில் தண்ணீர்க் குவளை, சீப்பு, சோப்புப் பெட்டி எல்லாம் வரிசை பிசகாமல் இருந்தன. இடது கையால் அவளே அடுக்கியிருக்கிறாள்.

என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள். படு என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் அதை எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

அவள்தான் முதலில் பேசினாள். பாடம் ஒப்பிக்கிற அதே குரல்.

"மணி நிக்கிறதுக்குள்ள மாட்டிட்டேன் சார்."

"ம்."

"அநாதையா விடல."

நான் தலையை ஆட்டினேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். அன்றைக்குக் கண்கட்டை அவிழ்த்ததும் பார்த்தாளே, அதே பார்வை.

"அப்ப பள்ளத்து லயந்தானே சார் ஜெயிச்சிச்சு?"

"ஆமா புள்ள," என்றேன். "பள்ளத்து லயந்தான்."