புத்தூர் மலைக்கு இருபது தவளைகளோடு ஒரு பயணம்

கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதீர்கள். பெயர் போடாவிட்டாலும் எங்கள் ஊர்க்காரர் படித்தால் நான்தான் என்று தெரிந்துவிடும். தெரிந்தால், என் கட்டிலுக்கு அடியில் இருக்கும் வாளியைத் தெருவில் கொட்டிவிடுவார்கள். அதில் பதினொரு தவளைகள் இருக்கின்றன.

பொதட்டூர்பேட்டைக்குப் பின்னால் ஒரு குன்றில் சுனை உண்டு. முதுகில் மஞ்சள் கோடு போட்ட, கட்டைவிரல் அளவுத் தவளைகளை நான் அங்கே மட்டும்தான் பார்த்திருக்கிறேன். முன்பு ஆனி வரை தண்ணீர் நிற்கும். இரண்டு வருடமாகப் பங்குனியிலேயே வற்றிவிடுகிறது. தலைப்பிரட்டைக்குக் கால் முளைப்பதற்குள் வெறும் சேறு. வெயில் கூடக் கூட, தானாக நகர முடியாத உயிர்களைக் குளிர்ந்த இடத்துக்கு மாற்றிப் பார்க்கிறார்கள் என்று அறிவியல் டீச்சர் சொன்னார். எங்கள் சுனைக்கு யாரும் வரவில்லை. வருடம் முழுக்கத் தண்ணீர் விழும் புத்தூர் மலை அருவிக்குக் கொண்டுபோக, மிச்சமிருந்த முப்பத்தொன்றையும் நானே பிடித்தேன்.

போன சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டு 6.10 டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில் இருபது தவளைகள். ஈரம் காயக்கூடாது என்று, தறியிலிருந்து அறுத்த புதுச் சிவப்பு லுங்கித் துண்டை நனைத்து உள்ளே விரித்திருந்தேன். எங்கள் வீட்டில் கைக்கு எட்டுகிற துணி அதுதான்.

திருத்தணியில் 7.25க்குத் திருப்பதி பஸ். புத்தூருக்கு 35 கிலோமீட்டர், 50 ரூபாய். கண்டக்டர் என் பையையே பார்த்தார்.

"இன்னா பாப்பா, உள்ள எதுவோ குதிச்சுகினு கீது? கோழிக்குஞ்சுன்னா லக்கேஜ் போடணும்."

"டிபன் பாக்ஸ்ங்க."

"டிபன் குதிக்குதா? உங்கம்மா சமையல் அப்படியா?"

பஸ்ஸே சிரித்தது. நான் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

புத்தூரிலிருந்து ஷேர் ஆட்டோ, 12 கிலோமீட்டர், 30 ரூபாய். 9.40க்கு அருவிக்குக் கீழே நின்றேன். நல்ல நிழல், சில்லென்ற தண்ணீர். டப்பாவைத் திறந்தால் அடியில் தேங்கிய தண்ணீர் ரோஜா நிறத்தில் இருந்தது. பதிமூன்று தவளைகள் செத்து மல்லாந்து கிடந்தன. வயிறெல்லாம் சிவப்பு.

"முதல் தடவை தனியா அலசுங்க, சாயம் போவும்" என்று துணி வாங்க வருகிறவர்களிடம் அம்மா சொல்வதைக் கேட்டே வளர்ந்தவள் நான். தவளை தோலாலும் மூச்சு விடும் என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா எட்டிப் பார்த்தார். "ஏம்மா, இங்க கீற தவளைக்கே இடம் பத்தல. நீ வேற இட்டாந்தியா? அதுங்க இதுங்கள சேத்துக்குமா?"

மீதி ஏழையும் அலசி, பாறை ஓரத்தில் விட்டேன். அரை மணி நேரம் பார்த்தேன். ஒன்றுகூட இடத்தைவிட்டு அசையவில்லை.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: முதலில் வனத்துறையிடம் கேளுங்கள். நான் கேட்கவில்லை, அந்தப் பயமும் இருக்கிறது. பலமுறை துவைத்த பழைய வெள்ளைத் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏற்கெனவே வாழும் உயிர்களுக்குக் கெடுதல் வருமா என்று தெரிந்தவர்களிடம் விசாரியுங்கள். எல்லாவற்றையும் ஒரே நடையில் கொண்டுபோகாதீர்கள். நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

வருகிற சனிக்கிழமை இந்தப் பதினொன்றையும் சேர்த்தால்தான் அந்த ஏழுக்குத் துணை. சுனை முழுக்கக் காய்ந்துவிட்டது. இவற்றைவிட்டால் வேறு இல்லை. இன்று மழை வாடை பட்டதிலிருந்து ஒன்று கத்துகிறது. பவர்லூம் ஓடுகிற வரை கூடத்தில் யாருக்கும் கேட்காது. வாளிமேல் போர்வையைப் போட்டிருக்கிறேன். இப்போது இன்னொன்றும் பதிலுக்குக் கத்துகிறது.

கரண்ட் போய்விட்டது. தறி நின்றுவிட்டது. இரண்டும் இன்னும்

கதவைத் தட்டுகிறார்கள். நைனா. "இன்னா சத்தம் அது உள்ள? தெற"