மூன்று டபிள்யூ அண்ணனுக்கு

இணையத்தில் பெயரை ஓரிடத்தில் வாங்கி, கடையை வேறிடத்தில் வைத்திருப்பவர்களுக்கு இரண்டையும் இணைத்துக் கொடுப்பது என் தொழில்; இணைப்பு கண்ணுக்குத் தெரியாது, வருகிறவர்களின் கோபம் மட்டும் நன்றாகத் தெரியும்.

டெலிபோன் இலாகாவில் கேபிள் இணைத்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு செவிலிமேட்டில், வீட்டு முன்னறையில் இந்த வேலை. இணையத்தில் ஒரு பெயரைத் தட்டினால் அதற்குரிய எண்ணைத் தேடிக் கொடுக்க ஓர் ஏற்பாடு உண்டு. டிஎன்எஸ் என்பார்கள். பழைய டெலிபோன் டைரக்டரி மாதிரி. அதில் ஒரு வரி தப்பினால் போச்சு. பட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கடையின் கதையை மட்டும் சொல்கிறேன். பட்டுக்கடை. அண்ணன் வரதன், தம்பி குமார். அப்பா போனதும் பாகம் பிரித்தார்கள். பேச்சும் நின்றது. அப்பா பெயரில் இருந்த டொமைன், அதாவது கடையின் இணையப் பெயர், மட்டும் பிரியவில்லை. மலேசியாவில் ஒரு குடும்பம் உண்டு; வீட்டில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் கூறைப்புடவைக்கு அந்தப் பெயருக்குத்தான் மெயில் போடுவார்கள். கடைசிப் பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம் என்று கேள்விப்பட்டு, அந்த மெயிலை நம்பி வரதன் இரண்டு தறியைக் காலியாக வைத்திருந்தார். வராவிட்டால் அந்தத் தறிக்காரர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

பாகம்

ஒரே பெயரை இரண்டாகப் பிரித்துத் தர முடியுமா என்று வரதன் கேட்டார். முடியாது என்றேன். அவர் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார். பெயருக்கு முன்னால் மூன்று டபிள்யூ போட்டால் ஒரு கடை, போடாவிட்டால் இன்னொரு கடை. செய்யலாம். யாரும் செய்ய மாட்டார்கள். அவ்வளவுதான்.

மூன்று டபிள்யூ தனக்கு வேண்டும் என்றார். இந்தக் காலத்தில் அதை ஒருவரும் தட்டுவதில்லை, வருகிறவர்கள் எல்லாம் தம்பி கடைக்குத்தான் போவார்கள் என்று எடுத்துச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இருக்கட்டும் சார். முன்னாடி வர்றது பெரியவனுக்குத்தான். கோயில் மரியாதை கூட அப்டித்தான குடுக்கறாங்க?"

நேரம்

வெள்ளிக்கிழமை மாற்றுவதாக ஏற்பாடு. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் முடிக்க வேண்டும் என்று வரதன் உத்தரவு. பத்து மணிக்கே குமார் கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எண்ணை மாற்றிவிட்டேன். மாற்றியதும் எல்லா ஊரிலும் தெரிந்துவிடாது. பழைய எண்ணை ஞாபகம் வைத்திருக்கும் இடங்கள் மறக்க நேரம் எடுக்கும். சென்னையில் உடனே தெரிந்தது. வரதன் போனில் பதினொன்றுக்குத் தெரிந்தது. போனைத் தூக்கிக்கொண்டு நேரே வந்துவிட்டார்.

"மாத்தினது நல்ல நேரம். தெரிஞ்சது ராகு காலம். இதுல எதை சார் நான் எடுத்துக்கிறது?"

பழைய பாவு

பத்து நாள் கழித்துக் குமார் தன் பக்கத்தை வேறு நிறுவனத்துக்கு மாற்றினான். தானே செய்தான். பிறகு என்னிடம் வந்தான். ஒருமுறை திறந்தால் புதுக் கடை வருகிறதாம், மறுமுறை பழைய கடை. பார்த்தேன். புது எண்ணைச் சேர்த்திருக்கிறான், பழைய எண்ணை எடுக்கவில்லை. வருகிறவர்கள் பாதி இங்கே, பாதி அங்கே.

வேறு ஊர்க்காரன் இந்தத் தப்பைச் செய்தால் கவனக்குறைவு என்பேன். இவன் தறி வீட்டுப் பிள்ளை. பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழை, தீரும்போது பழைய நுனியை அறுத்தெறிய மாட்டார்கள். புதுப் பாவை அதோடு இழைக்கு இழை முறுக்கிச் சேர்ப்பார்கள். இங்கே அப்படி இல்லை, அந்த ஒரு வரியை நீக்கு என்றேன். பழைய பக்கத்தில் அப்பாவை நடுவில் உட்கார வைத்து இரண்டு பேரும் நிற்கிற படம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பழசை அறுத்துட்டு எவனாச்சும் புதுசு கட்டுவானா சார்?"

யார் தின்றது

வீட்டுக்குப் போனவன், ரோஷத்தில் ஒரு வரிக்குப் பதில் பழைய வரிகள் அத்தனையும் நீக்கிவிட்டான். அதில் மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் வரியும் ஒன்று. பிறகு பார்த்தபோதுதான் எனக்கே அது தெரிந்தது. கடை மெயிலை இரண்டு பேரும் பார்ப்பார்கள், பெட்டி ஒன்றுதான். இருவருக்கும் மெயில் நின்றது.

வரதன் முதலில் வந்தார். மலேசியா மெயிலைத் தம்பி படித்துவிட்டு அழித்துவிட்டான் என்றார். வக்கீலைப் பார்க்கப் போகிறேன் என்றார். அவர் செருப்பு மாட்டிக்கொண்டு போன பிறகு குமார் வந்தான். அவனும் அதையே சொன்னான், பெயரை மட்டும் மாற்றி. இருவர் மெயிலையும் எவரும் தின்னவில்லை, வழி இல்லாமல் அனுப்பியவர்களிடமே கிடக்கிறது, நாளானால் திரும்பிப் போய்விடும் என்றேன். அவன் நம்பவில்லை.

"உங்களுக்குத் தெரியாது சார். எங்க அண்ணன் சின்ன வயசுலயே என் பொரி உருண்டையத் தின்னவரு."

ஒரு பெஞ்சு

வரியைத் திரும்பச் சேர்க்க இரண்டு நிமிஷ வேலை. ஆனால் பாஸ்வேர்டு குமாரிடம். உள்ளே போக வரும் ரகசிய எண் வரதன் போனுக்குப் போகும். அந்த டொமைன் கணக்கை ஆரம்பித்தவர் அவர். அதுவரை குமார் கடைக் கம்ப்யூட்டரில் வெளியே வராமலே உள்ளே இருந்திருக்கிறான். இப்போது அது அவனை வெளியே தள்ளிவிட்டது. இரண்டு பேரையும் வரச் சொன்னேன். என்னிடம் இருப்பது ஒரே பெஞ்சு.

ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்தார்கள். எண்ணைச் சொல்லச் சொல்லுங்க சார் என்றான் குமார். தட்டத் தெரியுமான்னு கேளுங்க சார் என்றார் வரதன். இரண்டு தடவை எண் காலாவதியானது. மூன்றாவது தடவை நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். சொல்ல ஆள் இல்லாததால் நேராகச் சொல்லிக்கொண்டார்கள்.

திரும்பி வந்து வரியைச் சேர்த்தேன். காத்திருந்தோம். ஐயம்பேட்டைப் பஸ் ஒன்று போயிற்று. தேங்கிக் கிடந்தவை ஒவ்வொன்றாக வந்தன. மலேசியாவும் வந்தது. மூத்த பெண்ணுக்கு நெய்த அதே கரை வேண்டுமாம். உங்களால் முடியுமா என்று கேட்டிருந்தார்கள். குமார் வாய்விட்டுப் படித்தான். படித்துவிட்டு நிறுத்தினான். அந்தக் கரையைத் தறியில் விழவைக்கும் டிசைன் அட்டைகள் பாகத்தில் அவனுக்கு வந்தவை. தறி வரதனிடம். இது மூன்று பேருக்கும் தெரியும். நான் அவசரப்படுத்தவில்லை. அப்படிப் பொறுத்திருப்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம்.

கடைசியில் குமார் கீபோர்டை இழுத்துக்கொண்டான். "அண்ணன் நெய்யறேன்னு சொல்றாருன்னு போடட்டுமா?" என்று திரையைப் பார்த்தே கேட்டான். வரதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நெய்யறேன் இல்லடா. நெய்யறோம்னு போடு."

வேலை சரியாக நடந்தால் எங்களை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். அந்த இரண்டு பேரும் இன்றுவரை கூப்பிடவில்லை, மரியாதை கெட்டவர்கள்.