மணியின் காது

இன்று மாலை எங்கள் நாய் மணிக்குத் தடுப்பூசி போடத் திருச்செங்கோட்டுக்குப் போனோம். மருத்துவர் அறைக்கு வெளியே செல்லப்பிராணிக் காப்பீடு எழுதும் அக்கா ஒருவர் இருந்தார்.

இரண்டு வகை இருக்கிறதாம். ஒன்று, நாய் இறந்தால் பணம் தரும். மற்றது, நோய் வந்தால் மருத்துவச் செலவைத் தரும். ஆனால் முதல் மாதத்தில் வரும் நோய்க்குத் தராது.

"செத்தா வர்றதையே போடுங்க. மாட்டுக்கும் அப்படித்தானுங்க போட்டோம்," என்ற அப்பா, மணியின் காதை மடக்கிப் பார்த்தார். "ஏனுங்க, கம்மல் எந்தக் காதுல குத்துவீங்க?"

நான் மணியின் கழுத்துப் பட்டையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் பசு லட்சுமி செத்தபோது எனக்கு எட்டு வயது. மாட்டுக் காப்பீட்டுக்கு அடையாளக் கம்மல் மாட்டிய காதுதான் சாட்சி. அதை அறுத்து, உப்புத் தடவி, பையில் போட்டு வாசல் ஆணியில் மாட்டியிருந்தார்கள். அந்த ஆணியை இன்றும் நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

"அது வேண்டாங்கப்பா. மணி உசுரோட இருக்கறப்ப உதவுறத எடுங்க."

அக்கா சிரித்தார். "கம்மலெல்லாம் மாட்டுக்குத்தானுங்கண்ணா. நாய்க்கு போட்டோ போதும்."

அப்பா சிரிக்கவில்லை. மணியின் காதை மெதுவாக விட்டார்.

"அன்னைக்கு அறுத்தது நாந்தான் சாமி," என்றார் என்னிடம். பிறகு அக்காவிடம், "பாப்பா சொல்றதையே எழுதுங்க."

வீட்டுக்கு வந்து ஏழு படம் எடுத்துவிட்டேன். மணி தலையை ஆட்டியதில் ஏழும் மங்கல். நாயை அசையாமல் நிறுத்தும் வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். காதைப் பிடிக்காமல்.