ஈப்போ பிளாட்பாரத்தில் மடங்கிய குடை

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஈப்போ பார்க்கக் கூட்டிக்கொண்டு போனது வாத்தியார். திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தது நான். பின்னாளில் அந்தக் கதையைச் சொன்னவர்கள் எல்லாம் முதல் பாதியை மட்டும்தான் சொன்னார்கள். ஆகையால் மீதியை நானே எழுதிவைக்கிறேன். எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் எழுத வரும். எனக்கு என்ன அவசரம்.

மலாயாவில் சுங்காய் ஊருக்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டம் எங்களுடையது. நான் மரம் சீவிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி இரண்டு வருஷம், அப்போது பிள்ளை இல்லை. வாத்தியார் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். மாதக்கணக்கில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் கெஞ்சி, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அனுமதித் துண்டு வாங்கிவிட்டார். பதினோரு பிள்ளைகள், அதில் ஐந்து பெண்கள். ஆம்பளை ஒருத்தரை நம்பிப் பெண்பிள்ளையை அனுப்ப எந்த ஆத்தாளும் சம்மதிக்கவில்லை. அதனால் ஒருநாள் எங்கள் லயத்து வரிசைவீட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

“தங்கச்சி, தொணைக்கு ஒரு பொம்பளை வேணும். நீதான் யாருக்கும் பயப்படாதவன்னு சொல்றாங்க.”

“சரியாத்தான் சொல்லியிருக்காங்க வாத்தியாரய்யா” என்றேன்.

எல்லோரிலும் சின்னவளுக்கு ஏழு வயது. அவளுடைய ஆத்தாள் ஐந்து பெற்று நான்கைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். புறப்படுகிற அன்று விடியலில் மகளின் கையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

“எனக்கு இது ஒண்ணுதான். சாயங்காலம் இதே கையை நீ எங்கிட்ட திருப்பித் தரணும்.”

“தருவேன். இல்லாட்டி நான் இந்த லயத்துப் பக்கம் வரவே மாட்டேன்” என்று வாக்குக் கொடுத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் தோட்டத்து ரோட்டில் துரை வருவது தெரிந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கிவிடுவான். குடை பிடித்தவன் குடையை மடக்குவான். நடந்து போகிறவர்கள் ரோட்டை விட்டு ஓரத்துக் கால்வாயில் இறங்கி, கையைக் கட்டி, துரை தாண்டும்வரை தலை நிமிராமல் நிற்கவேண்டும். மழை வந்தால் ஒதுங்குவதுபோல அதைச் செய்துகொண்டிருந்தோம்.

வாத்தியாருக்கு வந்த புதிதில் இது தெரியாது. விரித்த குடையோடு துரைக்கு எதிரே நடந்துபோனார். ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி ஐயா எல்லோருக்கும் முன்னால் அவரைத் திட்டிக் கிழித்துவிட்டார். அதற்குப் பிறகு அவரைப்போல வேகமாகக் குடை மடக்குகிற ஆள் தோட்டத்தில் இல்லை. பிள்ளைகளுக்கும் அதைப் பாடமாகவே வைத்தார். பள்ளிக்கூடக் கொட்டகைக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி, குடையை ‘டப்’ என்று மடக்குவார். பிள்ளைகள் கால்வாயில் குதிக்கவேண்டும். கடைசியாகக் குதித்தது மத்தியானம்வரை பெஞ்சுமேல் நிற்கும். அநேகமாகச் சின்னவள்தான் நிற்பாள்.

ரயிலில் பிள்ளைகள் ஆடிய ஆட்டத்தை எழுதினால் தாள் பத்தாது. ஈப்போவில் இறங்கினால் சுண்ணாம்பு மலைகள் வெள்ளை வெள்ளையாக நிற்கின்றன. ஒரு மலைக் குகைக்குள் சீனர் கோயில் பார்த்தோம். ஒரு கடை வாசலில் மோட்டார் கார் சக்கரத்தைத் தொட்டுக் காட்டி, “இதுதான் உங்க அப்பா அம்மா மரத்துல எடுக்குற பாலு” என்றார் வாத்தியார். நான் குனிந்து மோந்து பார்த்தேன். அத்தனை வருஷம் சீவியும் அது என்னவாகப் போகிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஆனால் ஊரில் வெள்ளைக்காரர்கள் ஒருவர் இருவரா? ரிக்‌ஷாவில் ஒருவர், வங்கி வாசலில் இருவர், நாயோடு ஒருவர். ஒவ்வொரு தடவையும் வாத்தியார் குடையை மடக்குவார், பிள்ளைகள் திமுதிமுவென்று லொங்காங் என்கிற சாக்கடையில் இறங்கும், நானும் இறங்குவேன். சர்பத் விற்ற முஸ்லிம் அண்ணன் ஒருவர் சிரித்தேவிட்டார்.

“என்னா வாத்தியாரே, ஈப்போவ சுத்திக் காட்டுறீங்களா, இல்ல ஈப்போ லொங்காங்க சுத்திக் காட்டுறீங்களா?”

“மரியாதை பழகுது பாய்.”

“இங்க யாரு லா எறங்குறா? அந்தா பாருங்க.”

பார்த்தேன். ஒரு சீனக் கிழவி காய்க்கூடையைத் தூக்கிக்கொண்டு ஒரு துரையை இடித்துக்கொண்டே போனாள். துரைதான் விலகினார். வானம் இடிந்து விழவில்லை. எனக்கு வாய் மூடவில்லை. வாத்தியாரைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, “வெயில் ஏறுது, நடங்க” என்றார்.

சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்தோம். சாய்வெயில் முகத்தில் அடித்ததால் வாத்தியார் குடையை விரித்து அதன் நிழலில் பிள்ளைகளை நிறுத்தினார். எங்களுக்குப் பின்னால் மூட்டைகள் மலையாக அடுக்கியிருந்தன. முன்னால் ஆள் நடக்கிற வழி. அதைத் தாண்டினால் பிளாட்பாரத்தின் விளிம்பு, கீழே தண்டவாளம். வடக்கே புகை தெரிந்தது. ரயில் ஊதியது.

அந்த நேரம் பார்த்து ஒரு துரையும் துரைசாணியும் பேசிக்கொண்டே எங்களை நோக்கி நடந்து வந்தார்கள்.

‘டப்.’

சின்னவள்தான் முதலில் குதித்தாள். அவளைப் பார்த்து மற்ற பத்தும் குதித்தன. எல்லாம் தண்டவாளத்தில் வரிசையாக, கையைக் கட்டி, தலை குனிந்து நிற்கின்றன. ஒரு விநாடி என் காலும் இறங்கத்தான் எழும்பியது. அப்புறம்தான் ரயில் கண்ணில் பட்டது.

நான் போட்ட கூச்சல் எனக்கே கேட்கவில்லை. கீழே குதித்தேன். கையில் அகப்பட்டதை அகப்பட்டபடி தூக்கி மேலே எறிந்தேன். மூட்டை தூக்குகிற தமிழ் ஆள் ஒருவர் தலைச்சுமையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, மேலே குப்புறப் படுத்து வாங்கி வாங்கிப் போட்டார். பெரிய பையன்கள் தாங்களே ஏறினார்கள். கடைசியில் சின்னவள் மட்டும் நின்றாள்.

“ஏறுடி! கையக் குடுடி!”

அவள் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. தலையும் நிமிரவில்லை.

“தொரை இன்னும் தாண்டலக்கா.”

அவள் கூந்தலைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினேன். அந்த ஆள் எங்கள் இருவரையும் சேர்த்து இழுத்தார். என் சேலையின் ஓரம் கீழேயே கிழிந்து போயிற்று, அதன்மேல் இஞ்சின் ஏறியது.

எழுந்து வாத்தியாரைத் தேடினேன். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். மடக்கிய குடை கையில், தலை குனிந்தபடி. துரையும் துரைசாணியும் அவரைத் தாண்டி முதல் வகுப்புப் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். துரைசாணி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவர்கள் தாண்டிய பிறகுதான் வாத்தியாருடைய தலை நிமிர்ந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மூட்டை தூக்குகிறவர் அவர் முகத்துக்கு நேராகக் கத்தினார்.

“யோவ் வாத்தி! புள்ளைங்க தண்டவாளத்துல கெடக்குது, நீ இங்க யாரக் கும்புட்டுக்கிட்டு நிக்கிற?”

எல்லோரும் ரயிலில் ஏறினோம். சின்னவள் என் மடியில் உட்கார்ந்து, சிராய்த்த முழங்காலை ஊதிக்கொண்டே கேட்டாள்.

“அக்கா, இன்னிக்கு நான்தானே மொதல்ல எறங்கினேன்? வாத்தியாரு பாத்தாரா?”

அவர் அதைக் கேட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தாப்பா ரோடு தாண்டும்போது மெல்ல என்னிடம், “தங்கச்சி, இத ஆத்தாமாருங்ககிட்ட சொல்லவேணாம்” என்றார்.

“சொல்லுவேன். வாங்கின கையத் திருப்பிக் குடுக்கிறப்ப என்ன நடந்துச்சுன்னு சொல்லாம குடுக்க எனக்குத் தெரியாது.”

லயத்துக்கு வந்து சேரும்போது அடுப்புகள் புகைந்துகொண்டிருந்தன. சின்னவளின் ஆத்தாள் வாசலில் நின்றாள். கையைக் கொடுத்தேன். மகளின் தலையைத் தடவியவள், முடி பிய்ந்த இடத்தில் ரத்தம் உறைந்திருப்பதைப் பார்த்தாள். நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். குடை, தண்டவாளம், ரயில், கூந்தல், எல்லாம். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். வாத்தியார் வீட்டுக்கு ஓடுவாள் என்று நினைத்தேன். அவள் மகளை இடுப்போடு அணைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அந்தத் தொரை நம்ம தொரைக்குத் தெரிஞ்சவரா? கோவிச்சுக்கிட்டாரா?”

நான்கு பிள்ளைகளைப் புதைத்தவள் அவள். அன்று காலையில் வேறு யாராவது வந்து இந்தக் கதையைச் சொல்லியிருந்தால், நானும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன்.

“கோவிக்கல” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வாளியோடு நேரே பள்ளிக்கூடக் கொட்டகைக்குப் போனேன்.

“வாத்தியாரய்யா, அந்தக் குடைப் பாடம் இனிமே வேணாம்.”

“கிராணி கேட்டா?”

“நான் சொன்னேன்னு சொல்லுங்க. எங்கிட்ட வந்து கேக்கட்டும்.”

அவர் தலையாட்டினார். நான் சீவுகிற வரிசை கொட்டகைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. தினமும் காதைத் தீட்டிக்கொண்டு மரம் சீவினேன். அந்த ‘டப்’ அப்புறம் கேட்கவில்லை. அதில் எனக்குப் பெருமைதான், ஏன் மறைக்கவேண்டும்.

பத்து நாள் போயிருக்கும். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் ரோட்டில் வந்துகொண்டிருந்தார்கள். துரையுடைய மோட்டார் சத்தம் கேட்டது. வாத்தியார் அங்கே இல்லை, குடையும் இல்லை. பிள்ளைகள் கால்வாயில் இறங்கினார்கள். வாளியை வைத்துவிட்டு நானும் இறங்கினேன். எனக்கு முன்னாலேயே சின்னவள் அங்கே நின்றாள், கையைக் கட்டிக்கொண்டு.