ஏலக்காரருக்கு வந்த சோதனைக் குரல்

காய்கறிச் சந்தையில் அவர் ஏலம் விட்டால், அடுத்த தெருவில் பேருந்துக்கு நிற்பவர்களுக்குக்கூடத் தக்காளி விலை தெரிந்துவிடும். அப்படிப்பட்ட தொண்டை. பக்கவாதம் வந்தபோது கை கால் தப்பித்தன, நாக்குதான் மாட்டிக்கொண்டது. எதைச் சொன்னாலும் வாய் நிறையப் பஞ்சை அடைத்தது போலக் குழறியது. மனைவி அவர் கண்ணையும் கையையும் பார்த்துப் பாதியைப் புரிந்துகொண்டு, மீதியை ஊகித்துச் சமாளித்தாள்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள்தான் அந்தச் செயலியைத் தேடிப் பிடித்தாள். குழறும் பேச்சைக் கேட்டு, போன் அதைத் தெளிவாகத் திருப்பிச் சொல்லும். இன்னும் வெளிவரவில்லை, அதைத் தயாரித்த கம்பெனி சோதித்துப் பார்க்கச் சாதாரண ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தப்படலாம் என்று போட்டிருந்ததை அப்பாவுக்கும் படித்துக் காட்டினாள். அவர் கட்டைவிரலை உயர்த்தினார்.

அவர் பேச்சு அதற்குப் பழகியதும் போன் சொன்ன முதல் வாக்கியம்: “ஃபேனைக் குறைடி. குளிர்ல விறைக்குது.”

“ஐயையோ, இத்தனை நாளா கூட்டச் சொல்றீங்கன்னுல்ல நினைச்சேன்!” மனைவி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

வீட்டில் பழையபடி கேலியும் சண்டையும் திரும்பின. சந்தைக்குப் போய் எடை போடும் ஆளை வம்புக்கு இழுத்துவிட்டு வந்தார். மனைவி அடுப்படியில் நின்றபடியே, அவர் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்லப் பழகிவிட்டாள்.

ஒரு காலை செயலி தானாகப் புதுப்பித்துக்கொண்டது. “தண்ணி” என்றால் “தம்பி” என்றது. அந்த வாரமே அடியோடு நின்றது. மகள் கம்பெனிக்கு எழுதிக் கேட்டாள். பதில் மரியாதையாகவே வந்தது: சோதனை முடிந்தது, உங்கள் தந்தையின் குரல் பெரிதும் உதவியது, வெளிவரும் பதிப்பில் குழறும் பேச்சுக்கான வசதி இருக்காது.

“என்னங்க வேணும்? மாத்திரையா? போர்வையா?” மனைவி ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். முன்பு வந்த ஊகம் இப்போது வரவில்லை. அவர் கையை உதறிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாளடைவில் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார்.

“அதைத் தராமலே இருந்திருக்கலாம்டி,” என்றாள் அம்மா. “முன்னாடியாவது பாதி புரிஞ்சுச்சு.”

“நாலு மாசம் பேசினாரேம்மா,” என்றாள் மகள். சொன்ன பிறகு அதில் ஆறுதல் எதுவும் இருப்பதாக அவளுக்கே தோன்றவில்லை.

சில வாரம் கழித்து, அப்பாவின் கதை தெரிந்த ஒரு பெண் மருந்து வாங்க வந்தபோது கேட்டாள்: “அக்கா, என் வீட்டுக்காரருக்கும் பேச்சு போயிடுச்சு. வேற கம்பெனி ஒண்ணு சோதனைக்கு ஆள் எடுக்குதாம். சேத்துவிடலாமா?”

மகள் மாத்திரைப் பட்டையைப் பையில் போட்டாள். “எத்தனை மாசத்துக்குன்னு கேட்டீங்களா?” என்றாள்.