கட்டைவிரல் கணக்கு

நவம்பர் 9: 300
நவம்பர் 23: 2,400
டிசம்பர் 14: 9,000
ஜனவரி 6: 14,500
ஜனவரி 20: 0

இவை ஒரு குளிர்காலத்தில் வந்து அடைந்த சூறைக்குருவிகளின் தொகை. எண்ணியவர் ஒரு பேருந்துப் பணிமனையின் நேரக்காப்பாளர். வண்டி வரும் நேரம், போகும் நேரம் தவிர எதையும் உரக்கச் சொல்லாத மனிதர். "அவர் சிரிச்சா தேதி போட்டு வைக்கணும்" என்று ஓட்டுநர்கள் கேலி பேசுவார்கள்.

குளிர்காலத்தில் மட்டும் அவர் வேறு ஆள். பணிமனையின் பின்சுவரை ஒட்டி ஐந்து பெரிய மரங்கள் நின்றன. பொழுது சாயும்போது நாலா பக்கமிருந்தும் குருவிகள் திரண்டு வரும். யாரோ பெரிய கறுப்புத் துணியை வானத்தில் உதறுவது போல விரிந்து சுருங்கி, ஒரே மூச்சில் கிளைகளுக்குள் கொட்டும். பிறகு சந்தைக்கடை இரைச்சல். இருட்டியதும் சட்டென்று அடங்கிவிடும். காலையில் மரத்தடி வண்டிகளெல்லாம் சுண்ணாம்பு அடித்தது போலிருக்கும். வண்டி கழுவுகிறவர்கள் குருவிகளின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார்கள்.

எண்ணுவதற்கு அவருக்குத் துணை, அதே பணிமனையில் மெக்கானிக்காக இருந்த மனைவியின் தம்பி. ஆறு குளிர்காலம் சேர்ந்தே எண்ணினார்கள். கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கினால், நகம் மறைக்கிற கூட்டம் நூறு. இவர் கிழக்குப் பக்கம், அவன் மேற்கு.

"அது விரலா, உலக்கையா? உன் விரலுக்கு நூத்தம்பதுன்னு வச்சுக்கோ."

"ஸ்பேனர் பிடிச்ச கை அத்தான். உங்களை மாதிரி பேனா பிடிச்ச கையா?"

அந்த ஜனவரி ஆறாம் தேதி வந்தது போல அதற்கு முன் வந்ததே இல்லை. இரண்டு நாள் கழித்து மைத்துனன் கேட்டான்.

"இதை ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க அத்தான். மேலே காட்டணும்."

"மேலே எதுக்குடா?"

"இவ்ளோ குருவி வேற எங்கே வருது? பெரிய ஆளுங்களும் தெரிஞ்சுக்கட்டும்."

மரத்தடியில் ஒரு அறிவிப்புப் பலகை வைப்பார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். சந்தேகம் வந்தால் குறைத்தே எழுதும் வழக்கமுள்ளவர், அன்று பதினைந்தாயிரம் என்று எழுதினார். அவர் கூட்டி எழுதிய எண் அது ஒன்றுதான்.

இருபதாம் தேதி காலை வேலைக்கு வந்தபோது மூன்று மரங்கள் கிடந்தன. நான்காவதில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி கழுவுகிறவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எல்லாம் உங்க புண்ணியம் சார்."

"நான் என்ன பண்ணேன்?"

"உங்க மச்சான் நாலு தடவை எழுதிப் போட்டும் மேலாளர் நம்பலையாம். பதினஞ்சாயிரம்னு உங்க எழுத்தைப் பார்த்ததும் வெட்டச் சொல்லிட்டாராம்."

அன்று மாலையும் குருவிகள் வந்தன. வெறும் வானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இறங்க இடமில்லாமல் போய்விட்டன. மேற்குப் பக்கம் யாரும் நிற்கவில்லை.

இரவு சாப்பாட்டு நேரத்தில் அவன் வந்தான். "கழுவுற ஆளுங்க படுற பாடு தெரியாதா அத்தான்?"

"தெரியும். எதுக்குன்னு சொல்லிக் கேட்டிருக்கலாமே."

"சொன்னா கொடுத்திருப்பீங்களா?"

அவர் கை கழுவிவிட்டு எழுந்துபோனார். "நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டு நியாயம் வேற பேசறியா?" என்று அக்காதான் கேட்டாள்.

கோடையில் அவனுக்குப் பதவி உயர்வோடு வேறு ஊருக்கு மாற்றலானது. அங்கிருந்து மூன்று கடிதங்கள் எழுதினான். முதல் இரண்டையும் அவர் தொடவில்லை. மூன்றாவதை மனைவி உரக்கப் படித்தாள்.

"இங்கே பணிமனைக்குப் பின்னாலேயே வந்து அடையுது அத்தான். என் விரலால் அளந்தால் நாற்பது விரல் கூட்டம். நீங்கள் வந்து எண்ணினால்தான் சரியாகத் தெரியும்."

அவருடைய வலது கட்டைவிரல் தானாக நிமிர்ந்தது. அதை மடக்கிக்கொண்டார்.

"போய்ப் பார்த்துட்டு வாங்களேன். ஆசையாத்தானே இருக்கு?"

"போனா எண்ணுவேன்."

"எண்ணினா என்ன?"

"பக்கத்துல உன் தம்பி நிப்பானே."

அவர் போகவுமில்லை, பதில் போடவுமில்லை. அவனும் பிறகு எழுதவில்லை. அந்தக் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த தேதியை மட்டும், பக்கத்தில் எண் எழுதாமல், குறித்து வைத்திருந்தார்: டிசம்பர் 17.