றவூப் காக்கா விற்காமல் வைத்த பங்குகள்

றவூப் காக்கா மகளுக்குக் கட்டிய வீட்டை அமெரிக்காக்காரனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம் என்று கல்முனைச் சந்தைக்குள் ஒரு கதை. மீன் வெட்டுகிறவர் சொன்னார், வாங்குகிறவர் தலையாட்டினார். போய்ப் பார்த்தேன். வீடு அங்கேதான் நின்றது. மேலே கூரையாகப் போடும் கொங்கிறீட் பிளேட் மட்டும் இல்லை. நான்கு சுவருக்குள்ளும் வெயில் தாராளமாக இறங்கியது. சூரிய சக்தியில் முதலிட்டவருக்கு வேறென்ன இலாபம் வேண்டும்?

ஊரே அண்ணன் முறையில் கூப்பிடும் காக்கா, கமநல நிலையத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். நம் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் நிக்காஹ் ஏது? மகள் நப்லாவின் வீட்டு பிளேட்டுக்கென்று பதினாறு இலட்சம் வங்கியில் கிடந்தது. மார்க்கம் விலக்கிய அதன் வட்டியைத் தொடாமல் ஊர்ப் பொது மலசலகூடத்துக்குக் கொடுத்துவந்தார். மலசலகூடம் மாடி கண்டது, வீடு காணவில்லை. ஹராமும் படாமல் காசும் பெருக வழி தேடியவர், அமெரிக்காவுக்குச் சூரியத் தகடு செய்து அனுப்பும் கொழும்புக் கொம்பனி ஒன்றின் பங்கை நாற்பது ரூபாய்ப்படி வாங்கினார். சீனத் தகட்டுக்கு அமெரிக்கா வரி போட்டால் நம் தகட்டைத்தானே வாங்குவான்? பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டியான ஹவுளடியில் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழு எடுத்தபடி இதை விளங்கப்படுத்தியதில் இன்னும் பதினொரு பேர் வாங்கினார்கள். பதினோராவது ஆள் நப்லாவுக்குப் பேசிய மாப்பிள்ளையின் வாப்பா கச்சிமுகம்மது.

ஏப்ரலில் அமெரிக்கா நமக்கும் போட்டது, நாற்பத்துநாலு வீதம். பங்கு பதினேழுக்கு விழுந்தது.

அன்றிலிருந்து காக்கா போனைக் கையில் எடுத்தாலே ஹவுளடி முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

"காக்கா, வெச்சிரிக்கவா, விக்கவா?"

"வெச்சிரிங்க. வரி குறையும்."

வரி முப்பதானது, இருபதானது. பங்கு பத்தொன்பதைத் தாண்டவில்லை. விற்றால்தான் பிளேட். விற்றாலோ சம்மந்தியை நட்டத்தில் தள்ளிவிட்டுத் தான் மட்டும் தப்பி ஓடியவர் ஆவார். பிளேட் இல்லாவிட்டால் நிக்காஹ் நோன்புக்கு அப்பால் போகும். நப்லா, அடுக்கிவைத்த சீமெந்துப் பைகள் கட்டிப்பட்டுவிட்டனவா என்று பின்னேரங்களில் விரலால் அமர்த்திப் பார்த்துவிட்டுப் போவாள். அதைப் பார்க்காதிருக்கக் காக்கா அஸர் தொழுகைக்கு முன்னமே பள்ளிக்குப் போவார். அங்கே ஹவுளடி, அதே கேள்வி.

கடைசியில் சம்மந்தியே வீடு தேடி வந்தார்.

"என்ன சம்மந்தி, பிளேட் எப்ப?"

"ஒங்களுக்காகத்தான் பொறுத்து நிக்கிறன். நீங்க விக்காம இரிக்கக்குள்ள நான் எப்பிடி விக்கிற?"

கச்சிமுகம்மது தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் வரி போட்ட அண்டைக்கே வித்துட்டனே. ஒங்கட மனசு நோகுமெண்டு சொல்லல்ல."

குசினிக்குள் காக்காவின் மனைவி நதீரா சிரித்த சத்தம் தெருவுக்குக் கேட்டது. "அஞ்சு மாசமா ஆரும் பூட்டாத கதவுக்குள்ள இருந்திரிக்கார் இந்த மனிசன்!"

மறுநாளே விற்றார். வந்த பாதிக் காசுக்கு அறைகளுக்கு மேல் பிளேட், மற்றதுக்குத் தகரம். நிக்காஹ் நாளும் குறித்தாயிற்று. ஆனால் நூற்றைம்பது பங்கை மட்டும் விற்கவில்லை. மிச்சப் பத்துப் பேரும் கேட்டால், "நானும் வெச்சிரிக்கன்" என்று பொய்யில்லாமல் சொல்ல வேண்டுமே.

பிளேட் போட்ட பாண்டிருப்பு மேசன் அழகரெத்தினத்துக்குக் கூலியில் இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் பாக்கி. அந்தப் பங்குகளை விற்றால் மட்டுமட்டாகக் காணும்.

"பங்காவே எழுதித் தாறன், மேசன்."

"வேணாம் காக்கா. பிறகு நானும் வந்து ஒங்களோட ஹவுளடியில நிக்கோணும். காசாத் தாங்க."

இதை எழுதும் வரை கொடுக்கவில்லை.